தண்ணீர் விழுகிற வரை

“எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு கேப்டன்? திரும்பச் சொல்லுங்க. காத்துச் சத்தத்துல சரியா விழல. ஓவர்.”

மைக்கின் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தேன். இந்த வயர்லெஸ் கருவியில் அதுதான் விதி. பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை நாம் பேசலாம். விரலை எடுத்தால்தான் எதிராளியின் குரல் உள்ளே வரும். பேசுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் முடியாது. கல்யாணமான புதிதில் இதை என் வீட்டுக்காரரிடம் விளக்கியபோது, “நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்” என்றார்.

கரகரப்பு. அதற்குள்ளிருந்து கேப்டனின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தது.

“இடது பக்கம்மா. நல்லாவே சாய்ஞ்சிட்டா. சுக்கான் ரூம்ல தரையில நிக்க முடியல. செவுத்துல ஒரு கால், தரையில ஒரு கால். ஓவர்.”

துறைமுக வாயிலை ஒட்டி நிற்கும் கோபுரத்தின் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அறை என்னுடையது. அங்கிருந்து தூரதர்சினியில் பார்த்தால் கப்பல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. தடுப்புச்சுவருக்கு வெளியே, ஒற்றை நங்கூரத்தில், முட்டி மடங்கிய மாடு மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது. காலையில் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று அனுப்பி வைத்ததும் நான்தான். கொஞ்ச தூரம் போனதும் காற்று திரும்பியது. அடித்தகட்டில் எங்கோ ஒரு பழைய ஒட்டு பிளந்துகொண்டது. எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. கேப்டன் கப்பலைத் திருப்பி வாயில்வரை கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பெரிய எஞ்சின் நின்றது. ஜெனரேட்டரும் நின்றது. நனைந்த மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்து, அப்படியே இறுகிக்கொண்டன.

இடப்பக்கத்து உயிர்காப்புப் படகை அலை நொறுக்கிவிட்டது. வலப்பக்கத்துப் படகு, கப்பல் சாய்ந்த சாய்வில், உள்பக்கமாகத் தொங்கி யாருக்கும் உதவாமல் கிடந்தது. ஊதி விரிகிற மிதவை ஒன்று இருந்தது. விரித்த நிமிடத்தில் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஹெலிகாப்டர் கேட்டோம், இந்தக் காற்றில் கிளப்ப மாட்டோம் என்று பதில் வந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு இழுவைப்படகு. அது வாயிலுக்கு உள்ளே, புகை விட்டுக்கொண்டு நின்றது. வாயிலில் தண்ணீர் குறைவு. அலை அங்கேதான் வந்து குப்புற உடைந்தது. மாலை ஏற்றம் வந்து தண்ணீர் ஆழமானால் ஒழிய, வெளியே போகிற படகும் சேர்ந்து கவிழும்.

ஆக, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஒன்பது பேர். யாராலும் போக முடியாது.

அந்த ஒன்பதில் ஒருவர் என் வீட்டுக்காரர். செகண்ட் எஞ்சினியர்.

இது அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவர் துறைமுக அதிகாரி. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றவர், வாயைத் திறக்குமுன்பே என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. இன்னொருவர் பக்கத்து நாற்காலிக்காரர். எதைக் கேட்டாலும் “சொல்ல முடியாது” என்று ஆரம்பிப்பார் என்பதால் அவருக்கு ‘வானிலை’ என்று பெயர். அதை வைத்ததே நான்தான். இன்றைக்கு அவர் அதைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“நீ எந்திரிம்மா,” என்றார் அதிகாரி. “அவர் பாத்துக்குவார். நீ கீழ போய் உக்காரு. ஏதாச்சும் இருந்தா நானே வந்து சொல்றேன்.”

“எந்திரிச்சா எனக்குக் கை நடுங்கும் சார். உக்காந்திருந்தா நடுங்கல.”

“சட்டப்படி நீ இங்க இருக்கக் கூடாது.”

“அந்தக் கேப்டனுக்கு நான் யாருன்னு தெரியாது சார். அவருக்கு நான் ‘துறைமுகம்’, அவ்வளவுதான். தெரிஞ்சுதுன்னா எனக்குன்னு பாத்துப் பாத்துப் பேசுவார். தெரியாதவரைக்கும்தான் உண்மை வரும்.”

அதிகாரி யோசித்தார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். விழுந்தால் பிடிக்கிற தூரம் அது.

“கேப்டன், தண்ணி ஏறுதா, நிக்குதா? ஓவர்.”

“நிக்குது. இப்போதைக்கு நிக்குது. முன்பக்கக் குழியில ஒரு பழைய டீசல் பம்பு. அது ஒண்ணுதான் ஓடுது. அதனாலதான் மிதக்கறோம்.”

கருவியை இறக்கிவிட்டு மறுபடி தூரதர்சினியை எடுத்தேன். அப்போதுதான் கண்டுபிடித்தேன். கப்பலின் முன்பக்கத்தில், விளிம்புக்குக் கீழே ஒரு துளையிலிருந்து தண்ணீர் வெளியே வளைந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது. கை தடிமன் இருக்கும். சாம்பல் நிறக் கப்பல், சாம்பல் நிறக் கடல், நடுவில் அந்த வெள்ளை வளைவு மட்டும் தனியாகத் தெரிந்தது.

“பம்புக்கிட்ட யார் இருக்கா? ஓவர்.”

“செகண்டு. சீஃப் எஞ்சினியருக்குக் கை ஒடிஞ்சிருக்கு. செகண்டுதான் உள்ள இருக்கான்.”

துறைமுகம் என்கிற பெண், செய்தி கிடைத்தது என்றாள்.

அந்தப் பம்பின் கதையைக் கேப்டன் துண்டு துண்டாகச் சொன்னார். அதில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கைப்பிடியின் ஸ்பிரிங் எப்போதோ போய்விட்டதாம். கையால் பிடித்திருந்தால்தான் ஓடும். கயிறு போட்டுக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கப்பல் ஆடும்போது பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும், அப்போது கைப்பிடியைத் தளர்த்த வேண்டும். மறுபடி தண்ணீர் வரும், உடனே ஏற்ற வேண்டும். கயிற்றுக்கு அது தெரியாது, திணறி அணைந்துவிடும். எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர் ஒருவர் மாற்றிப் பிடித்துப் பார்த்தாராம். அவர் கையிலும் அணைந்தது. திரும்பக் கிளப்புவதற்குள் தண்ணீர் முழங்கால் அளவு ஏறிவிட்டது. அதற்கப்புறம் செகண்ட் யாரையும் கிட்டே விடவில்லை.

“பம்பு நின்னா எவ்வளவு நேரம் தாங்கும் கேப்டன்? ஓவர்.”

“அத அவளத்தான் கேக்கணும்,” என்றார்.

அவள், அவள், அவள். இந்த வார்த்தையோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

என் வீட்டுக்காரர் அந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் கழித்துத்தான் என்னைக் கட்டினார். ஆகவே அவள் மூத்தாள், நான் இளையாள். இது நான் வைத்த கணக்கு. லீவில் வந்தால் சாப்பிடும்போது, “அவளுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல, சூடாயிடறா” என்பார். “மூத்தாளுக்குக் கஷாயம் வச்சுத் தரட்டுமா?” என்பேன். மாமியாருக்குச் சிரிப்பு தாங்காது. அந்தம்மாவுக்கு அந்தக் கப்பல்மேல் கோபமே கிடையாது. காரணம் இருக்கிறது. அந்தக் கப்பலின் எஞ்சின் அறையில் ஒரு வழக்கம். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், தான் பார்த்துக்கொள்கிற இயந்திரத்துக்குத் தன் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயரை வைக்க வேண்டும். சிவப்புப் பெயிண்டில் எழுதிவிடுவார்கள். யார் எப்போது ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் எழுதியவர்கள் வேலையை விட்டுப் போனாலும் பெயர்கள் போவதில்லை. ஊர் பேர் தெரியாத எவருடைய அக்காளோ, மகளோ, இன்றைக்கும் அங்கே சுற்றிக்கொண்டும் புகைந்துகொண்டும் இருப்பாள். பெரிய எஞ்சினின் பெயர் பெயிண்ட் அடிக்கும்போது அழிந்து போயிருந்ததாம். என் வீட்டுக்காரர் தன் அம்மாவின் பெயரை எழுதிவிட்டார். ஜெனரேட்டருக்கு என் நாத்தனார் பெயர். நாத்தனார் சத்தம் போட்டுப் பேசுகிறவள், பொருத்தம்தான்.

என் பெயர் எதிலும் இல்லை.

கேட்காமல் இல்லை. கப்பல் பெயிண்ட் அடிக்கத் துறைக்கு வந்திருந்த சமயம், குடும்பத்தோடு பார்க்க விட்டார்கள். ஏணி ஏணியாக இறங்கி, எண்ணெய் வாசனையில் தலை சுற்ற, ஒவ்வொரு இயந்திரமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாமியார் இருந்தார். நாத்தனார் இருந்தாள். சமையல்காரரின் சின்ன மகள்கூட ஒரு மின்விசிறியாக இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு பல்பு ஹோல்டர்கூட இல்லையா?” என்றேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவரும் சிரித்தார். “உனக்குப் பொருத்தமா ஒண்ணும் அமையல” என்றார். முன்பக்கம் ஒரு குழி, அதற்குள் தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தது. எட்டிப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்து இழுத்துவிட்டார். “அங்க ஒண்ணுமில்ல. பழைய பம்பு. எண்ணெய் பட்டா துணி கெட்டுடும்.”

வீட்டுக்கு வந்து அன்று முழுக்கப் பேசவில்லை. எதற்கு என்று அவர் கேட்கவும் இல்லை. இரும்புக்குப் பெயர் வைக்கிற விஷயத்துக்கெல்லாம் ஒரு பெண் முகத்தைத் தூக்கிக்கொள்வாளா என்று நானே என்னைத் திட்டிக்கொண்டு சாதத்தை வடித்தேன்.

“பேசிட்டே இரு,” என்றார் அதிகாரி பின்னாலிருந்து, தணிந்த குரலில். “அந்தாள் குரல் ஒடைஞ்சிடுச்சுன்னா அங்க எல்லாரும் ஒடைஞ்சிடுவாங்க. ஏற்றம் வர்ற வரைக்கும் எதையாச்சும் கேட்டுட்டே இரு.”

எதைக் கேட்பது? கடல்நிலை கேட்டாயிற்று, நங்கூரம் கேட்டாயிற்று, அடிபட்டவர் கணக்குக் கேட்டாயிற்று. நான் கேட்க விரும்பிய ஒன்றைக் கேட்க முடியாது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

“கேப்டன், கப்பல ஏன் எல்லாரும் ‘அவ’ன்னே சொல்றீங்க? ஓவர்.”

காற்றுக்கு நடுவில் அவர் சிரித்த மாதிரி இருந்தது.

“நல்ல நேரம் பாத்தீங்கம்மா இத கேக்க. எங்க வாத்தியார், ‘வயித்துல வச்சுக் காப்பாத்துறவ, அதனால’ன்னு சொல்லுவார். எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆம்பளைன்னு சொல்லிட்டா, சாயங்காலம் நேரா வீட்டுக்கு வரும்னு நம்பி எவன் ஏறுவான்?”

இடையில் இன்னொரு குரல் நுழைந்தது. இழுவைப்படகு ஓட்டுகிறவர். புயலே வந்தாலும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார், அதனால் துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் ‘மாப்பிள்ளை’. பொதுவில் ஓடுகிற அலைவரிசை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“என் படகு ராசாத்தியப் பத்திக் கேட்டா நான் சொல்றேன். நாம ஓட்டறோம்னு நாம நெனச்சிட்டிருப்போம். அவதான் நம்மள ஓட்டுறா. அதான் காரணம்.”

“இவ்வளவு மரியாதை வச்சிருக்கீங்க, ஒரு பொம்பளைய வேலைக்கு ஏத்த மாட்டேங்கறீங்களே,” என்றேன். குரல் தானாகவே பழைய துடுக்கோடு வந்தது. கப்பலில் வயர்லெஸ் ஆளாகப் போக வேண்டும் என்றுதான் நானும் படித்தேன். ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் நல்லபடியாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் கிடைத்தது இந்தக் கோபுரம். கடலைப் பார்க்கலாம்.

“அது அப்படித்தாம்மா,” என்றார் கேப்டன். “ஏற்கனவே ஒருத்தி இருக்கறப்ப இன்னொருத்தி எதுக்குன்னுதான்.” பிறகு, “நீங்க முன்ன கேட்ட ‘அவ’ கேள்விக்கு நேத்து ஒருத்தன் சரியான பதில் ஒண்ணு சொன்னான். கீழ இருக்கானே, அவன்தான். கரைக்கு வந்ததும் உங்ககிட்ட நேர்ல சொல்றேன். சொல்றதுக்காகவாச்சும் வரணும்ல? ஓவர்.”

“கேக்காம விட மாட்டேன். ஓவர்.”

அதற்கப்புறம் அவர் மைக் திறந்தபடி இருந்திருக்க வேண்டும். அவர் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். டங். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஆழத்திலிருந்து, மெலிதாக, இன்னொரு டங்.

“என்ன சத்தம் கேப்டன்? ஓவர்.”

“பம்பு குழிக்கு ஒரு குழாய் போகுது. அதுல ஸ்பானரால தட்டறோம். ஒரு தட்டு தட்டினா ‘ஓட்டிட்டே இரு’ன்னு அர்த்தம். மூணு தட்டினா ‘விட்டுட்டு மேல வா’. அவனும் அதே மாதிரி திரும்பித் தட்டுவான். ஒரு கையில பம்பு, ஒரு கையில ஸ்பானர்.”

அதற்கப்புறம் ஒவ்வொரு முறை அவர் பேசும்போதும் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் பேச்சுக்குப் பின்னால் கேட்டேன்.

மேசை இழுப்பறைக்குள் என் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நின்றது. மாமியார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, வானிலை அதை எடுத்து என் காதில் வைத்தார். என் கைகள் இரண்டும் கருவியில் இருந்தன.

“அவன்கிட்டப் பேசினியா?” என்றார் மாமியார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். “கப்பல் போனா போகட்டும்னு சொல்லு. இரும்புதானே. விட்டுட்டு வந்துடச் சொல்லு அவன.”

“சொல்றேன் அத்தை.”

“நான் சொன்னேன்னு சொல்லு. அம்மா சொன்னான்னா கேப்பான்.”

“சரி அத்தை.”

என் குரல் சுக்கான் அறை வரைக்கும்தான் போகும், அதற்குக் கீழே குழாயில் தட்டுகிற ஸ்பானர்தான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல? வானிலை கைபேசியை அணைத்து உள்ளே வைத்தார். இழுப்பறையைச் சாத்த மூன்று தடவை தள்ளினார். அதைப் பார்த்து எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

வளைவு நின்றது.

தூரதர்சினியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, துளை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டது சத்தத்தில் தெரிந்தது. நான் மைக்கை எடுக்கவில்லை. எடுத்து என்ன கேட்பது? எனக்குத் தெரிந்த பிரார்த்தனைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்தத் துளையைப் பார்த்து, “வா, வா, வா” என்று உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிடிவாதக் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி.

துப்பியது. ஒரு துப்பல். இன்னொன்று. பிறகு கறுப்பு எண்ணெய் கலந்த தண்ணீர் பீறிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மறுபடி அந்த வளைவானது.

“காத்து இழுத்துடுச்சு,” என்றார் கேப்டன். “கிளப்பிட்டான். இன்னும் ஒரு படி சாய்ஞ்சிருக்கா. துறைமுகம், ஏற்றம் எப்ப?”

“வந்துட்டிருக்கு கேப்டன். வந்துட்டிருக்கு. ஓவர்.”

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தூங்கும்போது என் வீட்டுக்காரருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். சின்னப் பிள்ளையில் அப்பாவின் கையைப் பிடித்துத் தூங்கிய பழக்கம், அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. நான் அசந்துவிட்டேன் என்று நினைத்து அவர் மெல்ல உருவுவார். அந்த நொடியே கண் திறந்துவிடும். விடியற்காலையில் கப்பலுக்குக் கிளம்பும் நாட்களில் என்னை எழுப்பாமல் போக அவர் செய்யாத தந்திரமில்லை. ஒருமுறை தன் கைக்குப் பதில் சுருட்டிய துண்டை வைத்துவிட்டு நழுவினார். அதற்கும் விழித்துக்கொண்டேன். “உனக்கு எப்படித்தான் தெரியுதோ” என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அலுத்துக்கொண்டார். இன்றைக்குக் காலையில்கூட அதே அலுப்பு. நான் தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

தண்ணீர் ஏறியதை முதலில் சொன்னது மாப்பிள்ளைதான். “துறைமுகம், வாயில்ல அலை ஒடையறது கொறைஞ்சிருக்கு. நான் கிளம்பறேன். கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் என் காது கேக்காது.”

அதிகாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“கிளம்புங்க,” என்றேன்.

இழுவைப்படகு வாயிலில் மூக்கை நுழைத்தது. முதல் அலையில் முன்பக்கம் செங்குத்தாக எழும்பி, அடுத்ததில் காணாமல் போய், மூன்றாவதில் முழுக்க நனைந்து வெளியே வந்தது. வானிலை இருக்கையைவிட்டு எழுந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். கப்பலின் தாழ்ந்த பக்கத்தில்தான் காற்றுக்கு மறைப்பு இருந்தது. வேறு வழியில்லை, மாப்பிள்ளை அந்தப் பக்கம்தான் போய் ஒட்டினார். தலைக்குமேல் சாய்ந்து நிற்கிற சுவரின் அடியில் போய் நிற்பது மாதிரி.

குதித்தார்கள். ஒவ்வொருவராக, படகு மேலே வருகிற அலைக்குக் காத்திருந்து குதித்தார்கள். கை ஒடிந்த சீஃபை இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள். சமையல்காரர் கடலில் விழுந்து, கொக்கியில் மாட்டி மேலே வந்தார். தண்ணீர் வளைவு படகின் முன்பக்கத்துக்குச் சற்றுத் தள்ளி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் மேல்தளத்தில் ஒரே ஒரு உருவம் மிஞ்சியது. கையில் வாக்கிடாக்கி.

“துறைமுகம், எல்லாரும் எறங்கியாச்சு. அவனக் கூப்பிடறேன்.”

டங். டங். டங்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதுக்கு இடைஞ்சலாக இருந்தது கண்.

கீழேயிருந்து, டங்.

அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுதான்.

கேப்டன் மறுபடி தட்டினார். இந்தத் தடவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பதில், அதே ஒன்று. ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். கேப்டன் வாக்கிடாக்கியை மூட மறந்து குழாயில் வாயை வைத்துக் கத்தினார். வசவு, கெஞ்சல், மறுபடி வசவு. பிறகு என்னிடம் திரும்பினார்.

“புரிஞ்சிடுச்சும்மா. இழுவைப்படகு கப்பலுக்கு அடியில நிக்குது. பம்பு நின்னு இவ சாய்ஞ்சான்னா படகு மேலதான் சாய்வா. நாங்க விலகிப் போனாத்தான் கையெடுப்பான். அறிவு கெட்டவன். ரெண்டு ஏணி ஏறணும் அவன்.”

மாப்பிள்ளை குறுக்கிட்டார். “நீங்க வாங்க. தள்ளிப் போய் நீளமா ஒரு ஹாரன் குடுக்கறேன். அது குழி வரைக்கும் கேக்கும். வெளிய வந்து குதிச்சா நான் எடுத்துக்கறேன். இதுக்கு மேல என்னால இங்க நிக்க முடியாது.”

கேப்டன் குதித்தார். இழுவைப்படகு பின்னோக்கி நகர்ந்தது. கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் சாம்பல் நிறத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே வந்தது. பிறகு ஹாரன். நீளமாக, கோபுரத்துக் கண்ணாடிகள் அதிர, மூச்சு முட்டுகிற வரைக்கும் ஊதினார் மாப்பிள்ளை.

ஹாரன் நின்றது. அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

சாயங்காலம் முழுக்க அது நின்றுவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்த நான், இப்போது அது நிற்க வேண்டும் என்று பார்த்தேன். நின்றால் அவர் ஏணியில் இருக்கிறார் என்று அர்த்தம். விழுந்தால் இன்னும் குழியில் இருக்கிறார் என்று அர்த்தம். விழுந்துகொண்டிருந்தது. கப்பல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது, வளைவும் கூடவே சாய்ந்தது.

“துறைமுகம்.” படகிலிருந்து கேப்டன். குரல் கடைசியில் உடைந்துவிட்டது. “கரைக்கு வந்து சொல்றேன்னேன்ல. இப்பவே சொல்லிடறேன், யார்கிட்டயாச்சும் சொல்லணும் எனக்கு. அந்தப் பம்ப மாத்திடலாம்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா. மாட்டேன்னுட்டான். கேட்டா அவன் வீட்டம்மா பேர அதுக்கு வச்சிருக்கானாம். அந்தம்மா பாத்தா கோவிச்சுக்கும்னு தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கான். ஏண்டா, போயும் போயும் ஓட்ட பம்புக்கா பொண்டாட்டி பேர வைக்கறதுன்னு நேத்துக் கேட்டேன். சிரிக்கறான். கைய உருவினா அந்த நிமிஷமே இவளுக்குத் தெரிஞ்சுடுது சார், அவளும் அப்படித்தான்னான்.”

அப்புறம் அவர் அந்தப் பெயரைச் சொன்னார். என் பெயர்.

பொத்தானை அழுத்தினேன். துறைமுகம் என்கிற பெண், செய்தி கிடைத்தது என்று சொல்ல வேண்டும். வாய் திறந்துதான் இருந்தது. தூரதர்சினியின் வட்டத்துக்குள் வெள்ளை வளைவு விழுந்துகொண்டிருந்தது. பொத்தான்மேல் என் கட்டைவிரல் ரத்த ஓட்டமில்லாமல் வெளுத்துப் போய் அழுந்தியிருந்தது. இது அழுந்தியிருக்கும்வரை அங்கிருந்து எந்தச் சத்தமும் என்னிடம் வராது.

விரலை எடுத்தேன். எங்கள் இருவரில் முதலில் கையெடுத்தது நான்தான்.